முப்பத்திரண்டு துளைக்கு ஒரு வெட்டு

ஓர் ஆழாக்கு நொய்யில் மூன்று பேருக்குக் கஞ்சி வைக்கலாம், ஐயா. முடியாது என்கிறவர்கள் தண்ணீரை முதலிலேயே மொத்தமாக ஊற்றிவிடுகிறவர்கள். நொய் மலர மலர ஒரு குவளை ஊற்ற வேண்டும். கொஞ்சம் உப்பு, மறுபடி ஒரு குவளை. கடைசியில் ஒரு பிடி கேழ்வரகு மாவைக் கரைத்து விட்டால் கெட்டியாக இருக்கும், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. என் மனைவி இருந்தவரை எனக்கு அடுப்புப் பக்கமே தெரியாது. அவள் போன பிறகு நானே கற்றுக்கொண்டேன்.

ஏன் செய்தாய் என்று மாஜிஸ்திரேட்டாகிய நீங்கள் கேட்டீர்கள், நான் கஞ்சியைப் பற்றிப் பேசுகிறேன் என்று குமாஸ்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். இரண்டும் ஒரே பேச்சுதான், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் எனக்கே எதிராக முடியும் என்று மூன்று தடவை எச்சரித்தீர்கள். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிக் கதவையும் சாத்தச் சொன்னீர்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, ஐயா. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு பாக்கிதான், எனக்குப் பாக்கி வைத்துப் பழக்கமில்லை.

என் பெயர் கன்னியப்பன். வயது முப்பத்தெட்டு. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சதை சீவுகிறேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைச் சரிவான கட்டையின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் உள்பக்கத்துச் சதையை வழித்து எடுக்கிற வேலை. தோலுக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு தோலையும் முடித்ததும், பின்னங்கால் பக்கத்து ஓரத்தில் சின்னக் கத்தியால் அவரவர் குறியை வெட்டிவிட வேண்டும். என் குறி இரண்டு சாய்வெட்டு, நடுவில் ஒரு குத்து. சாயங்காலம் மேஸ்திரி அப்துல் சமத் அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் எண்ணுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலு தோலுக்குக் குறி போட மறந்து நாலு தோலின் கூலியை இழந்தேன். அதற்குப் பிறகு என் கை மறந்ததே இல்லை.

கடனைப் பற்றி நான் நினைப்பதை விளங்கிக்கொள்ள என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கணியம்பாடி பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் அவர் படியாள். கல்யாணத்துக்கு வாங்கிய முப்பது ரூபாய்க்காக அங்கே உழைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு எஜமானர் அடிக்கிற ஆள் இல்லை, தங்கமானவர். தீபாவளிக்கு வேட்டி கொடுப்பார். பொங்கலுக்கு வெல்லம் கொடுப்பார். அப்பா காய்ச்சலில் படுத்தால் அந்த வீட்டு அம்மாவே ரசம் கொடுத்தனுப்புவார். எல்லாம் முகம் மலரக் கொடுத்தது, எல்லாம் கணக்கில் ஏறியது. அப்பா செத்த அன்று முப்பது ரூபாய் நூற்றெண்பதாகியிருந்தது. எஜமானர் என் தலையைத் தடவி, "கவலப்படாதடா, மெதுவா நீ தீத்துடலாம்" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பதினைந்து வயதில் ஒரு நாள் விடியற்காலை காட்பாடி வரை நடந்து ரயிலேறி ஆம்பூர் வந்துவிட்டேன். என் பிள்ளைகளின் தலையை எவரும் அப்படித் தடவக் கூடாது. வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

மனைவி கோவிந்தம்மாள் ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் இறந்தாள். வயிற்றில் கட்டி. வேலூருக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்ததற்கும், திரும்பப் பிணமாகக் கொண்டுவந்த லாரி வாடகைக்கும் நூற்றிருபது ரூபாய் ஆனது. கொடுத்தவள் தனபாக்கியம். எங்கள் கம்பெனி வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லி சுட்டு விற்றவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஐம்பது வயது இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. என் பெண்கள் அவளைப் பெரியம்மா என்பார்கள். பெரியவள் சாவித்திரிக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவள் சௌந்தரத்துக்கு மூன்று.

பத்திரம் எழுதலாம் என்றேன். சிரித்தாள். வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.

"வட்டியாம் வட்டி. போய்ப் புள்ளைங்கள பாரு. எப்ப முடியுதோ அப்ப குடு."

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. வட்டிக்காரனிடம் வாங்கியிருந்தால் தூங்கியிருப்பேன். அவனுக்கு ஒரு தேதி உண்டு, அந்தத் தேதிக்குப் பிறகு அவன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கழிவுத் தோலில் ஒரு நீள வாரை அறுத்து, ரூபாய்க்கு ஒரு வெட்டாக நூற்றிருபது வெட்டு போட்டேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் தனபாக்கியத்திடம் இரண்டு ரூபாய் கொடுப்பேன், வீட்டுக்கு வந்து வாரின் முனையில் இரண்டு வெட்டை நறுக்கி எறிவேன். நல்ல வாரத்தில் எனக்கு எட்டு ரூபாய் கிடைக்கும். மழை வாரத்தில் நாலுதான். எதுவானாலும் இரண்டு ரூபாய் அவளுக்கு. தலைக்கு எண்ணெயை நிறுத்தினேன், பெண்களுக்கு மொட்டை அடித்துவிட்டால் எண்ணெய்ச் செலவு இல்லை. பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துப் படுத்துவிடுவோம். காலையில் கஞ்சி, ராத்திரி அதே கஞ்சியின் மிச்சம். மத்தியானம் பசித்தால் ஈரத் துணியை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். நானும் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். பிள்ளைகளுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று நான் வைத்ததில்லை.

முதல் இரண்டு மாதத்தில் பதினாறு வெட்டு போயிற்று. அப்புறம் ஒரு நாள் சௌந்தரம் தூக்கத்தில் ஏப்பம் விட்டாள். கஞ்சி குடித்த வயிற்றில் அப்படி ஏப்பம் வராது. எழுப்பிக் கையை முகர்ந்து பார்த்தேன். தேங்காய்ச் சட்னி வாசனை. இருபது வருஷமாகச் சுண்ணாம்பிலும் ஊறல் தோலிலும் நின்று என் மூக்கு செத்துவிட்டது என்பார்கள். அந்த வாசனை மட்டும் எனக்குத் தப்பியதே இல்லை.

தனபாக்கியம் தினமும் மத்தியானம் இரண்டு பேரையும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார வைத்து இட்லி போட்டிருக்கிறாள். அவள் அதைக் கணக்கில் வைக்கவில்லை. ஆகையால் நான் வைத்தேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் இருவர் கையையும் முகர்வேன், எத்தனை என்று கேட்பேன். இட்லி அரையணா. வாரில் ஓர் இட்லிக்கு ஒரு துளை, முப்பத்திரண்டு துளை சேர்ந்தால் ஒரு வெட்டு. புதுக் காசு வந்தபோது கடைக்காரர்கள் அரையணாவை மூன்று பைசா ஆக்கினார்கள். அதன்படி போனால் ரூபாய்க்கு முப்பத்து மூன்று இட்லி வரும். எனக்கு ஓர் இட்லி லாபம். அது வேண்டாமென்று முப்பத்திரண்டையே வைத்துக்கொண்டேன். ஒரு பழைய பாவாடை கொடுத்தாள், அதற்கு ஒரு வெட்டு. தலைக்கு எண்ணெய் தடவி விட்டாள், அதற்கு இரண்டு துளை. வாரின் ஒரு முனையில் நான் இரண்டை நறுக்கினால் மறுமுனையில் ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. அப்பாவின் கதை எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கிற்று, ஐயா.

நல்ல வார்த்தையாகச் சொன்னேன், பெண்கள் கேட்கவில்லை. வாரால் அடித்தேன், அதற்கும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு சட்டியில் சுண்ணாம்பைக் கரைத்து வீட்டு மூலையில் வைத்தேன். கையில் வாசனை இருந்தால் அந்தக் கையைச் சட்டியில் முக்கிப் பிடித்து நூறு வரைக்கும் எண்ணுவேன். அது பெரிய கொடுமை ஒன்றும் இல்லை. நாங்கள் வேலை செய்கிற இடத்தில் முழங்கால் வரைக்கும் அதில்தான் நிற்கிறோம். குழந்தைத் தோல் மெல்லியது, அதனால் கொஞ்சம் உரிந்தது. சாவித்திரி மூன்றாம் தடவைக்குப் பிறகு அங்கே தின்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் சௌந்தரத்தை அழைத்துக்கொண்டு போவாள், தங்கை கையை அழுக்கு படாமல் வைத்துத் தானே ஊட்டிவிடுவாள். அதனால் வாசனை பெரியவளின் கையில் இருந்தது. சட்டியில் முக்க வேண்டியதும் அவள் கையைத்தான். தின்றவள் ஒருத்தி, தண்டனை ஒருத்திக்கு என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அறுபது வாரம் ஆனதும் தனபாக்கியம் என் ரூபாயைக் கையில் வாங்காமல், "போதும்பா, நூத்திருவது முடிஞ்சி போச்சி" என்றாள்.

"இல்லக்கா. இட்லி இருக்குது."

முதலில் சிரித்தாள். அப்புறம் சாவித்திரியின் கையை நினைத்தாளோ என்னவோ, சிரிப்பு நின்றுவிட்டது. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு வாராவாரம் அப்படியே வாங்கி முடிந்துகொண்டாள்.

போன கார்த்திகையில் சௌந்தரத்துக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் விடாத மழை, கம்பெனியில் வேலை இல்லை. ஐந்தாம் நாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. தனபாக்கியம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஜாஸ்தி யோசிக்காத. வண்டிய கூப்டு. வேலூர் போய்டலாம், நான் துட்டு வெச்சிருக்கிறேன்."

"வேணாக்கா. இருக்கிற கடனே தீரல."

"நான் கேட்டனா உன்ன? ஒரு நாளாவது கேட்டனா?"

"நீ கேக்காததுதான்க்கா எனக்குப் பேஜாரு."

அவள் குழந்தையைத் தூக்கப் போனாள். நான் வாசலில் குறுக்கே நின்றேன். அன்றைக்கு வாரில் முப்பத்தொன்பது வெட்டு இருந்தது. வேலூர் என்றால் குறைந்தது எழுபது ரூபாய், மறுபடி நூற்றுக்கு மேலே போய்விடும். பொழுது விடிவதற்குள் சௌந்தரம் போய்விட்டாள். நான் அழுதேன். அழுகைக்குச் செலவு இல்லை. அடக்கத்துக்குப் பதினோரு ரூபாய் ஆனது. என் பித்தளைக் குடத்தை விற்றுச் செய்தேன், எவரிடமும் கை நீட்டவில்லை. அப்புறம் ஆழாக்கு நொய்யை முக்கால் ஆழாக்காக்கினேன். கணக்கைத்தான் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். சாவித்திரி அன்றிலிருந்து தனபாக்கியத்தின் கொட்டகைப் பக்கம் போகவில்லை. என்னிடமும் அதிகம் பேசவில்லை. வார் வேகமாகக் குறைந்தது.

இந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை அது முடிந்தது. நூற்று முப்பத்தெட்டாவது சனிக்கிழமை. கடைசித் துண்டில் இரண்டு வெட்டு, என் கையில் இரண்டு ரூபாய். நாலு மணிக்குக் கூலி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாணை பிடிப்பதற்காகப் பெரிய கத்தி, சின்னக் கத்தி இரண்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எல்லாச் சனிக்கிழமையும் எடுத்துப் போவதுதான். அதை வைத்து முன்கூட்டியே திட்டம் போட்டான் என்று சப் இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறாராம், அது சரியில்லை. அன்றைக்கு என்னை மாதிரிச் சந்தோஷமாக ஆம்பூரில் ஒருத்தன் நடந்திருக்க மாட்டான். வெயில் கூட உறைக்கவில்லை.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. பின்னால் ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னியோட தீந்துச்சி" என்று இரண்டு ரூபாயை நீட்டினேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். அந்த இரண்டு ரூபாயையும் அதில் போட்டு, டப்பாவை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"இந்தா. இருநூத்தி எழுவத்தாறு ரூவா. நீ குடுத்ததுல ஒத்த ரூவா நான் தொடல. அந்தப் பொண்ணு காதுக்கு எதனா வாங்கு. மீதிய போஸ்டாபீஸ்ல அது பேர்ல போடு."

"உன் நூத்திருவது?"

"அது கோவிந்தம்மாளுக்கு நான் குடுத்தது. அதுல உனக்கு இன்னா?"

என் நிலைமையில் நின்று பாருங்கள், ஐயா. இரண்டே முக்கால் வருஷம். ஒரு குழந்தை. ஒரே பேச்சில் நான் இருநூற்று எழுபத்தாறு ரூபாய்க் கடன்காரன் ஆனேன். வேண்டாம் என்றேன். "நீ வேணாம்னா போ, நான் சாவித்திரி கையில குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் குனிந்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அவள் சொன்னால் செய்கிறவள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கொடுப்பாள், கல்யாணத்துக்குக் கொடுப்பாள், பிரசவத்துக்குக் கொடுப்பாள். அவள் இருக்கிறவரை கொடுத்துக்கொண்டே இருப்பாள். என் பெண் அந்தக் கணியம்பாடி வீட்டிலேயே பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாக்கைப் பிரித்தேன். சதை சீவும் கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் எடையைக் கொடுத்து, மேலிருந்து கீழே தள்ள வேண்டும். கல்லின் மேல் குனிந்திருந்தாள், பின்கழுத்து எனக்கு நேராக இருந்தது. "இன்னாப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். முதல் தள்ளில் எலும்பில் மாட்டியது. நான் வழிக்கிற தோலில் எலும்பு இருக்காது, அதனால் அழுத்தத்தைச் சரியாகக் கணிக்கவில்லை. முழங்காலை அவள் முதுகில் கொடுத்து இரண்டாவது தள்ளு தள்ளினேன். கால்கள் கொஞ்ச நேரம் தரையை உதைத்தன. ஆட்டுக்கல் குழியில் இருந்த தண்ணீர் சிவந்து வழிந்து என் கால் வரைக்கும் வந்தது. மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டேன். கத்தியை அங்கேயே கழுவினேன். டப்பாவைத் தொடவில்லை. மூடி மட்டும் திறந்திருந்தது, ரத்தம் உள்ளே போகாமல் இருக்க மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் கறி எடுத்து வந்து முழு அரிசியில் சோறு வடித்தேன். கடன் தீர்ந்த வீட்டில் ஒரு நாளாவது நல்ல சாப்பாடு வேண்டும் என்று நினைத்தேன். சாவித்திரி தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "பெரியம்மா கடையில ஏன் நைனா போலீஸ் நிக்குது?" என்றாள். சாப்பிடு என்றேன். அவள் ஒரு வாய் கூடத் தின்னவில்லை.

பணம் போகாததால் போலீசுக்குக் குழப்பம். பழைய பகை யாருக்கு என்று ஊரெல்லாம் விசாரித்தார்கள், அவளுக்குப் பகையே இல்லை. செவ்வாய்க்கிழமை சப் இன்ஸ்பெக்டர் கம்பெனி வாசலில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிணத்தின் வலது காலில், குதிகாலுக்குச் சற்று மேலே ஒரு வெட்டு இருந்ததாம், அதை அப்படியே வரைந்து வந்திருந்தார். ஏதாவது மந்திரவாத வேலையாக இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். இரண்டு சாய்வெட்டு, நடுவில் ஒரு குத்து. நான் அதைப் போட்டதாக எனக்கு நினைவே இல்லை, ஐயா. சத்தியமாகச் சொல்கிறேன். வேலை முடிந்தது, கை போட்டிருக்கிறது.

அப்துல் சமத் மேஸ்திரி காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கன்னியப்பன்து" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டு வருஷமாக என் குறி உள்ள ஒரு தோலைக் கூட அவர் விட்டதில்லை. அன்று மட்டும் எப்படி விடுவார்.

சாவித்திரி இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அவர் மனைவி முனவ்வர் பேகம் அவளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறாராம். இது எனக்குத் தலைமேல் ஏறிய புதுப் பாரம். அவள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சப் ஜெயில் சுவரில் ஒரு கோடாகக் கிழித்து வருகிறேன், யாரும் வெள்ளையடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேற்று மேஸ்திரி அவளைப் பார்க்க அழைத்து வந்தார். தலையில் முடி வளர்ந்திருந்தது, எண்ணெய் பளபளத்தது. கம்பிக்கு வெளியே எட்டி நின்றாள். வழக்கம் போலக் கையை நீட்டு என்றேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நெய்ச்சோறு துன்னேன் நைனா. இன்னிக்கும் துன்னேன், நேத்தும் துன்னேன். வெட்டிக்கோ" என்றாள்.

சரி என்றேன். போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"சௌந்தரத்துக்கு எத்தினி வெட்டு நைனா?"

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அதுக்காக நான் யார்கிட்டயும் ஒத்த பைசா வாங்கல."

அவள் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து போய் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவி அழைத்துப் போனார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு வயசாகிறது, நான் கிட்டே இருந்து இத்தனை சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு இன்னும் கணக்கு புரியவில்லை, ஐயா.